87 பைசா யார் சொன்னது? சேலத்து ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொருளியல், சமூகவியல், சமூகப்பணி, கல்வியியல், வணிகவியல் துறைகளில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டும் சேலத்துப் பேராசிரியர்களுக்கும், வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வரும் புறத்தேர்வாளர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். நாலு ரோட்டுப் பக்கம் ஒரு மாடியறையில் இருபது வருடமாக ஆய்வேடுகளுக்கு அட்டவணை போட்டுக் கொடுக்கிறேன். உங்கள் மாணவர்கள் எக்செல் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவருவார்கள். அதை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டி, கட்டம் கட்டி, எண்களை வரிசைப்படுத்தித் தருவது என் வேலை. அதற்கு முன்னால் சில வருடம் ஏற்காட்டு மலையில் வினாநிரலைச் சுமந்துகொண்டு வீடு வீடாக அலைந்தவள் நான். ஒரு எண் பிறக்கிற இடத்தையும் பார்த்திருக்கிறேன், அது அச்சில் ஏறுகிற இடத்தையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் அதற்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒரு சாயங்காலம். காப்பித் தோட்டத்து லைன் வீடு. மழை தூறிக்கொண்டிருந்தது. பழம் எடுத்துவிட்டு வந்த அம்மா ஒருவர் அடுப்படியில் உட்கார்ந்தபடியே எனக்குப் பதில் சொன்னார். "மாசம் எவ்வளவும்மா வரும்?" என்று கேட்டேன். "ஒரு ஏழாயிரம் எட்டாயிரம் வரும் கண்ணு. பழம் எடுக்கிற மாசம்னா கூட வரும். மழைக்கு வேலை நின்னுச்சுன்னா அதுவும் இல்ல" என்றார். என் வினாநிரலில் வருமானத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. 7,500 என்று எழுதினேன். எழுதும்போதே ஏதோ உறுத்தியது. ஆனால் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

பல வருடம் கழித்து, இதே மாதிரிப் பதில்களைக் கொண்ட ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. யாருடைய ஆய்வென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக எண்களை மாற்றிச் சொல்கிறேன், கணக்கு மாறவில்லை. 62 வீடுகள். எல்லாப் பதிலும் ஐந்நூறின் மடங்கு: 5,000, 6,500, 8,000 என்று. கூட்டினால் 4,64,000. 62-ஆல் வகுத்தால் 7,483.87. ஆய்வேட்டில், "மலைவாழ் தொழிலாளர் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் ரூ.7,483.87" என்று தடித்த எழுத்தில் ஏறியது.

அந்த 87 பைசாவை யார் சொன்னது? அறுபத்திரண்டு பேரில் ஒருவரும் ஐந்நூறுக்குக் கீழே சில்லறை சொல்லவில்லை. 62 என்ற எண்ணால் வகுத்ததில் உதிர்ந்த தூசு அது. அவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், 7,500-க்குப் பதில் 8,000 என்று சொல்லியிருந்தால் சராசரி 7,491.94 ஆகியிருக்கும். ஒரு பெண்மணி அடுப்பைக் கிளறிக்கொண்டே சொல்லும் ஒரு வார்த்தையில் எட்டு ரூபாய் நகர்கிற எண்ணுக்கு நாம் பைசாக் கணக்கு எழுதுகிறோம்.

அதே கோப்பில் திட்டவிலக்கம், அதாவது பதில்கள் சராசரியைச் சுற்றிச் சிதறிக் கிடக்கிற அளவு, சுமார் 2,900. அதை 62-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை, அதாவது சராசரியே ஆடக்கூடிய அளவு, ஏறத்தாழ 370 ரூபாய். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 6,700-இலிருந்து 8,200 வரை போகும். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? "ஏழாயிரம் எட்டாயிரம் வரும்." அந்த அம்மா சொன்னதும் இந்த இடைவெளியும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். அவர் சொன்னது தன் வீட்டு வரவின் ஏற்ற இறக்கம். நாம் கணக்கிடுவது, இந்த 62 வீடுகளுக்குப் பதிலாக வேறு 62 வீடுகள் அகப்பட்டிருந்தால் சராசரி எவ்வளவு தள்ளிப் போயிருக்கும் என்பது. ஆனாலும் பேச்சின் உருவம் ஒன்றுதான். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்கிற உருவம். அவர் இரண்டு எண்களாகச் சொன்னதை நான் ஒன்றாக்கினேன். அந்த ஒன்றுக்கு ஆய்வேடு இரண்டு தசமம் ஒட்டியது.

நம் மொழிக்கு நுணுக்கம் தெரியாதென்று யாரும் சொல்ல முடியாது. கால், அரைக்கால், வீசம் என்று இறங்கி, எண்பதில் ஒரு பங்குக்குக் காணி என்றும், முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கு முந்திரி என்றும் பெயர் வைத்தவர்கள் நாம். முந்திரிக்குக் கீழேயும் கீழ்முந்திரி, இம்மி என்று பெயர்கள் உண்டு. அதே மொழியில்தான் நாலைந்து, பத்துப் பதினைந்து, சொச்சம், சில்லறை, ஏறக்குறைய, கிட்டத்தட்ட எல்லாமும் இருக்கின்றன. அளந்த பொருளுக்கு முந்திரி, அளக்காத பொருளுக்குச் சொச்சம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் புழங்கியவர்கள் நம் முன்னோர். குழப்பத்தைக் கொண்டுவந்தது கால்குலேட்டர் திரை. அதில் எட்டு இலக்கம் தெரிகிறது என்பதற்காக எட்டையும் நம்புகிறோம்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளியை எடைபோட்டுக் கொடுப்பார்கள். கொலுசாக எடைபோட்டு வாங்குவார்கள். இடையில் குறைந்தது சேதாரம். கூலி, சேதாரம் எல்லாமே எடையில் நிற்கிற தொழில். அங்கே ஒரு பொடிக்கும் கணக்குண்டு. ஆனால் தராசு காட்டாத இலக்கத்தை எந்தப் பட்டறைக்காரரும் சீட்டில் எழுதமாட்டார். எழுதினால் எதிரில் இருப்பவர் கேட்பார்: "இது எங்கிருந்து வந்துச்சு?" இந்தக் கேள்வியை வைவாவில் ஒருவரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. பதினோராம் வகுப்பு இயற்பியலில் முக்கிய எண்ணுருக்கள் என்று ஒரு பாடம் உண்டு. வெர்னியர் அளவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவான மீச்சிற்றளவுக்குக் கீழே எழுதினால் ஆசிரியர் அந்த இலக்கத்தை அடித்துவிடுவார். மனிதர்களை அளக்கும்போது மட்டும் அந்தப் பாடம் நமக்கு ஏன் மறந்துபோகிறது?

வயதை எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்கிராமத்தில் மூத்தவர்களிடம் வயது கேட்டால் வருவது எண்ணே இல்லை. "எம்ஜிஆர் செத்த வருசம் பெரியவன் தவழ்ந்துக்கிட்டிருந்தான்" என்று வரும். அதை வைத்து நாம் கூட்டிக் கழித்து 55 என்று போடுவோம், அல்லது 60. வயது 0-விலும் 5-இலும் போய்க் குவியும் இந்த வழக்கம் மக்கள்தொகையியலில் நன்றாகத் தெரிந்த விஷயம். அதை அளக்கவே விப்பிள் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. 23 முதல் 62 வயது வரை சொன்னவர்களில் 0, 5-இல் முடிகிற வயதுக்காரர்கள் சரியாக ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் குறியீடு 100. எல்லோருமே அப்படிச் சொல்லியிருந்தால் 500. ஆய்வேட்டில் "சராசரி வயது 47.3684" என்று எழுதுவதற்கு முன்னால், நான்கு நிமிடம் செலவழித்து இந்தக் குறியீட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன மாதிரியில் அது துல்லியமாக இருக்காதுதான். ஆனால் பதில் எப்படிக் கிடைத்தது என்பது அந்த மாணவருக்குப் புரிந்துவிடும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இப்படித்தான். 2011-இல் சேலம் மாவட்டத்து மக்கள்தொகை 34,82,056. ஊர் ஊராகக் கூட்டினால் மாவட்டத் தொகை ஒத்துவர வேண்டும் என்பதால் கணக்கெடுப்புத் துறை ஒவ்வொரு இலக்கத்தையும் அச்சிடுகிறது. அது சரி. ஆனால் அதே துறை பின்னால் போய்ச் சரிபார்த்து, நாடு முழுவதும் ஆயிரத்துக்கு 23 பேர் போல விடுபட்டதாகவும் சொல்லியிருக்கிறது. நாட்டின் விகிதத்தைச் சேலத்துக்கு அப்படியே பொருத்த முடியாது; அளவு புரிவதற்காக மட்டும் பெருக்கினால் 80,000 வரும். எண்பதாயிரம் சந்தேகத்தில் இருக்கும்போது ஆய்வேட்டின் முன்னுரையில் கடைசி 56 எதற்கு? "2011-இல் 34.8 லட்சம்" என்றால் போதுமே.

அலகு மாற்றுவதில் இன்னொரு பொறி இருக்கிறது. "ரெண்டு ஏக்கர் சொச்சம்" என்று விவசாயி சொன்னது ஆய்வேட்டில் 0.8094 ஹெக்டேர் ஆகிவிடுகிறது. சொச்சம் போய்விட்டது, நான்கு தசமம் வந்துவிட்டது. மனித உடலின் வெப்பம் 98.6 பாரன்ஹீட் என்று நாம் பிடித்துக்கொண்டிருப்பதும் இந்த வகைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் 37 டிகிரி செல்சியஸ் என்று சொன்ன முழு எண்ணை மாற்றியபோது ஒட்டிக்கொண்டது அந்தப் புள்ளி ஆறு. 98.8 பார்த்துக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பயந்த தாய்மாரில் நானும் ஒருத்தி.

சதவீதத்துக்கு வருகிறேன். என் கடையில் நான் அதிகம் வருந்துவது இதற்குத்தான். 60 பேரில் 26 பேர் "ஆம்" என்றால் 43.33 சதவீதம். ஒரு ஆளே 1.67 சதவீதம் இருக்கிற கூட்டத்தில், பத்தாயிரத்தில் ஒருவரைப் பிரித்துக் காட்டுகிற எண்ணை எழுதுகிறோம். இதன் நம்பிக்கை இடைவெளி 31-இலிருந்து 56 வரை. அதாவது பாதிக்கு மேலா, மூன்றில் ஒரு பங்கா என்பதே உறுதியில்லை. "60 பேரில் 26 பேர் (43%)" என்று எழுதினால் படிக்கிறவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். தேசியக் குடும்பநல ஆய்வு எத்தனை லட்சம் வீடுகளைப் பார்க்கிறது? அவர்களே ஒரு தசமத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு பிரிவில் 25-க்கும் குறைவானவர்களே இருந்தால் சதவீதத்தை அச்சிடாமல் உடுக்குறி (*) போட்டுவிடுகிறார்கள். 25 முதல் 49 பேர் என்றால் எண்ணை அடைப்புக்குள் வைத்து எச்சரிக்கிறார்கள். நம் ஆய்வேடுகளிலோ 7 பேர் உள்ள பிரிவுக்கு 14.29, 28.57 என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்கின்றன எண்கள்.

நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆறு பிரிவு, ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். ஒவ்வொன்றும் 16.67. கூட்டினால் 100.02. "கூட்டுத்தொகை 100.00 வரவேண்டும், இல்லையென்றால் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று ஒரு நெறியாளர் திருப்பி அனுப்பினார். மாணவி கண் கலங்கி நின்றாள். சமர்ப்பிக்க இரண்டு நாள்தான் இருந்தது. நான்கு பிரிவுக்கு 16.67, இரண்டு பிரிவுக்கு 16.66 என்று நானே மாற்றிக் கொடுத்தேன். சமமான பத்துப் பேருக்கு இரண்டு விதமான சதவீதம். கீழே ஒரே ஒரு வரி, "முழுமைப்படுத்தியதால் கூட்டுத்தொகை சற்று மாறலாம்" என்று போட்டிருந்தால் முடிந்திருக்கும். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதற்குப் பிறகு எத்தனை அட்டவணையில் இதையே செய்தேன் என்று எண்ணிப் பார்க்கவும் மனம் வரவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு "தசமமே வேண்டாம்" என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். எதிர்ப்பக்கத்துத் தவறும் எனக்குத் தெரியும். கணக்கின் நடுவில் வெட்டக் கூடாது. கனடாவில் வான்கூவர் பங்குச்சந்தை 1982 ஜனவரியில் தன் குறியீட்டை 1000 என்று தொடங்கியது. ஒவ்வொரு முறை கணக்கிட்ட பிறகும் மூன்றாம் தசமத்துக்கு மேலுள்ளதை வெட்டிவிட்டார்கள். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை. 1983 நவம்பரில் குறியீடு 524-க்கு இறங்கிக் கிடந்தது. திருத்திப் போட்டபோது 1098-க்கு மேல் வந்தது. சந்தை விழவே இல்லை. வெட்டிய துணுக்குகள் சேர்ந்து பாதியைத் தின்றிருந்தன. திட்டவிலக்கத்தை இரண்டு தசமத்துக்கு வெட்டி, அதை வைத்து, சராசரிகளை ஒப்பிட உதவும் டி மதிப்பைக் கையால் போட்டு, அதையும் வெட்டி அடுத்த படிக்குப் போகும் மாணவர்களை நான் வாரம் ஒருமுறை பார்க்கிறேன். கணக்கு முடியும்வரை கணினியில் இருக்கிறபடியே இருக்கட்டும். அச்சுக்குப் போகிற கடைசிப் படியில் மட்டும் முழுமைப்படுத்தச் சொல்லுங்கள்.

தசமத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கிரிம் என்றொரு எளிய சோதனையைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் லைக்கர்ட் அளவுகோலில் ஒரு கேள்விக்கு 40 பேர் பதில் சொன்னால் கூட்டுத்தொகை முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். 136 என்றால் சராசரி 3.40. 137 என்றால் 3.425. நடுவில் ஒன்றும் கிடையாது. ஆய்வேட்டில் 3.41 என்று இருந்தால் அது நடக்க முடியாத எண். தட்டச்சுப் பிழை, அல்லது ஆட்களின் எண்ணிக்கை தப்பு, அல்லது அதைவிட மோசம். உளவியல் இதழ்களில் வந்த, இப்படிச் சோதிக்கத் தக்க 71 கட்டுரைகளை அவர்கள் எடுத்துப் பார்த்ததில் 36-இல் குறைந்தது ஒரு சராசரியாவது பொருந்தவில்லை. இரண்டு தசமம் அச்சில் இருந்ததால்தான் அது வெளியே வந்தது. ஆகவே என் எண்ணம் இது: ஆய்வேட்டின் உரைப்பகுதியில் சுருக்கிச் சொல்லுங்கள், பின்னிணைப்பு அட்டவணையில் எத்தனை பேர், என்ன கூட்டுத்தொகை, இரண்டு தசமச் சராசரி எல்லாம் இருக்கட்டும். சோதிக்க வருபவருக்கு வழி அடைபடக் கூடாது.

மேலே சொன்ன 3.425-ஐ இரண்டு தசமமாக்கினால் 3.43-ஆ, 3.42-ஆ? சரிபாதியில் நிற்கும் ஐந்தை எப்போதும் மேலே தள்ளினால் நூறு அட்டவணையில் எல்லாம் மேல்பக்கமாகவே சாயும். அதனால்தான் இந்தியத் தர நிர்ணய விதி, ஐஎஸ் 2 என்ற ஆவணம், முந்தைய இலக்கம் இரட்டைப்படையாக நிற்கும்படி முழுமைப்படுத்தச் சொல்கிறது. அதன்படி 3.42. எக்செல்லின் வழக்கமோ மேலே தள்ளுவது. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எந்த விதி என்று முறையியல் இயலில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

பிடிவாதம் பி மதிப்பில் இருக்கிறது. உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்கிற எண் அது. மென்பொருள் .000 என்று காட்டும். மூன்று இடத்துக்கு முழுமைப்படுத்தினால் பூஜ்யம், அவ்வளவுதான் அதன் பொருள். உண்மை மதிப்பு 0.0005-க்கும் கீழே எங்கோ இருக்கிறது. "பி = 0.000" என்று அச்சில் ஏற்றினால் தற்செயலாக இப்படி நேர வாய்ப்பே இல்லை என்று சொன்னதாகிவிடும். வாய்ப்பே இல்லை என்று சொல்ல எந்த மாதிரிக் கணக்கெடுப்பாலும் முடியாது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துமுறைக் கையேடு நேராகவே சொல்கிறது: 0.001-க்குக் கீழே என்றால் "பி < 0.001" என்று எழுது; மற்றபடி இரண்டு அல்லது மூன்று தசமத்தில் உள்ளபடி எழுது. ஆய்வேட்டுக்கு ஆய்வேடு அந்தக் கையேட்டைப் பின்பற்றியதாக எழுதுகிறார்கள். அடுத்த பக்கத்திலேயே .000 வரிசையாக நிற்கிறது.

இதன் மறுபக்கம், முடிவை ஏற்பதற்கு வழக்கமாக வைக்கும் எல்லைக்கோடான 0.05-ஐத் தொடுவதற்காக 0.054-ஐ 0.05 ஆக்குவது. 1992 ஏப்ரலில் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத் தேர்தலில் பசுமைக் கட்சிக்கு 5.0 சதவீதம் என்று அச்சாகி வந்தது. ஐந்து எட்டினால் சட்டமன்றத்தில் இடம். உண்மையில் அவர்கள் வாங்கியது 4.97. ஒரு தசமத்துக்கு முழுமைப்படுத்தி அச்சிட்ட நிரலால் அன்று இரவு கிடைத்த இடங்கள் விடிவதற்குள் கைவிட்டுப் போயின. எல்லைக்கோடு போட்ட இடத்தில் முழுமைப்படுத்துவது ஆளையே மாற்றிவிடும். 0.054 என்றால் 0.054 என்றே இருக்கட்டும். அதனால் ஒரு மாணவரின் உழைப்பு குறைந்துபோகாது என்று நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

திட்டப்பிழை போடத் தெரியாத மாணவருக்கும் ஒரு வழி உண்டு. அந்த வழி நம் நாட்டிலேயே பிறந்தது. புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்துச் சணல் பயிரை மாதிரி முறையில் மதிப்பிட்ட காலத்தில், ஒரே பரப்புக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு துணைமாதிரிகளை எடுத்து, தனித்தனிக் குழுக்களை அனுப்பினார். இரண்டு விடையும் எவ்வளவு விலகுகின்றன என்பதே கணக்கெடுப்பின் தரத்தைக் காட்டிக் கொடுத்தது. உங்கள் மாணவரின் 120 வினாநிரல்களைச் சீட்டுக் குலுக்குவது போலக் குலுக்கி இரண்டு அறுபதாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் தனித்தனியே சராசரி போடட்டும். ஒன்று 7,210 என்றும் இன்னொன்று 7,840 என்றும் வந்தால், நூறு ரூபாய் இலக்கமே ஆடுகிறது என்று அவர் கண்ணாலேயே பார்ப்பார். பாதி மாதிரி என்பதால் வித்தியாசம் கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரியும். தெரியட்டும். அதற்குப் பிறகு பைசா எழுத அவர் கை வராது.

இதெல்லாம் வெறும் அச்சு விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆய்வேடுகளிலிருந்துதான் "மலைவாழ் மக்களின் வருமானம்" என்று கட்டுரைகளும் திட்ட அறிக்கைகளும் எண்ணை எடுக்கின்றன. இரண்டு வருட இடைவெளியில் ஒன்றில் 7,483.87, இன்னொன்றில் 7,691.20 என்று இருந்தால் "வருமானம் உயர்ந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த இருநூறு ரூபாய் உயர்வு மழைக்கு வேலை நின்ற வீடுகள் எதற்கும் போய்ச் சேர்ந்திருக்காது. அந்த அம்மா சொன்ன "அதுவும் இல்ல" என்ற சொல்லுக்கு என் கட்டத்தில் இடமிருக்கவில்லை. உங்கள் மாணவரின் வினாநிரலில் இரண்டு கட்டம் வையுங்கள்: குறைந்த மாதம் எவ்வளவு, கூடிய மாதம் எவ்வளவு.

வைவாவுக்கு வரும் புறத்தேர்வாளர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஏதாவது ஓர் அட்டவணையைத் திறந்து, ஏதாவது ஓர் எண்ணில் விரல் வைத்து, "இந்தக் கடைசி இலக்கம் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். மாணவர் திணறினால் நெறியாளரைப் பாருங்கள்.

வருகிற ஜூன் 29 மகலனோபிஸின் பிறந்தநாள், நம் நாட்டுப் புள்ளியியல் நாள். அன்று முதல் என் கடையில் .000 அடிப்பதில்லை. கூட்டுத்தொகையை நூறாக்க எந்த எண்ணையும் திருத்துவதில்லை. ஒவ்வொரு அட்டவணைக்கும் அடியில் மாதிரி அளவும் திட்டப்பிழையும் ஒரு வரியாக இருக்கும். அதற்குத் தனியாகக் காசு வாங்கமாட்டேன். "சார் நாலு தசமம் கேட்கிறார்" என்று மாணவர் திரும்பி வந்தால் இந்த மடலின் நகல் ஒன்றை அவர் கையில் கொடுத்தனுப்புவேன். பதில் எழுத நினைப்பவர்கள் அதன் பின்பக்கத்திலேயே எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அட்டவணை போடுபவள்
நாலு ரோடு, சேலம்